வீட்டில் காளானுக்கு ஈரப்பெட்டி செய்தவர்கள்: திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளி

காளான் வித்திட்ட பைகள் முழுவதும் அதன் வெள்ளை இழைகள் ஓடிய கையோடு, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் அடியில் நான்கு அங்குலத்துக்கு நனைத்த செங்கற் சல்லியைப் பரப்பி, அதன் மேல் கம்பி வலை வைத்து, சிப்பிக் காளான் பைகள் இரண்டை நிறுத்தினேன். ஈரம் வெளியேறிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடாவும் ஒட்டினேன். ஐந்தாம் நாள் காலை திறந்தபோது கண்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விரல் நீளத் தண்டுகள் கொத்தாக எழுந்திருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் தீக்குச்சித் தலையளவுக்கே குடை இருந்தது. தண்டுகளின் அடியில் பஞ்சு போல வெள்ளை மயிர் படர்ந்திருந்தது. காளானும் நம்மைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது, அது பெட்டிக்குள் தேங்கினால் குடை விரியாமல் தண்டு மட்டுமே நீளும் என்பதை அதன் பிறகே அறிந்தேன். சூடாக்கிய ஆணியால் ஆறு பக்கங்களிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, சுமார் 6 மில்லிமீற்றர் அகலத் துளைகள் இட்டு, அடியிலும் காற்று நுழையும்படி பெட்டியை இரண்டு கற்களின் மேல் தூக்கி வைத்தேன். அடுத்த விளைச்சலில் குடைகள் உள்ளங்கையளவு விரிந்தன.

தம்பலகாமம்

உப்புவெளி அக்கா சொன்ன துளைக் கணக்கை எல்லோரும் எல்லா மாதங்களிலும் அப்படியே பின்பற்றக் கூடாது. நான் அதே முறையில் துளையிட்ட பெட்டியை, வயலைப் பார்த்த விறாந்தையில், வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் ஆடி மாதத்தில் வைத்தேன். காலையில் அரிசி மணியளவில் நூற்றுக்கணக்கான மொட்டுகள் இருந்தன. மாலையில் வந்து பார்த்தபோது அத்தனையும் பழுப்பேறிச் சுருங்கி, தொட்டவுடன் உதிர்ந்தன. மார்கழி மழையில் காற்றோட்டம் குறைந்து கெடும் பெட்டி, கச்சானில் காற்றோட்டம் மிகுந்து, காய்ந்து கெடும். எனவே துளை எத்தனை என்பதை விட, அன்றைய காற்று எப்படி என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இப்போது காற்று வரும் பக்கத்துத் துளைகளைப் பஞ்சால் தளர்வாக அடைத்து, நனைத்த சணல் சாக்கைப் பெட்டியில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுகிறேன். இடத்தையும் சமையலறையின் நிழற்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

கிண்ணியா

இருவரும் பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருந்தது என்று சொல்லவில்லை. என் கருவி 90 வீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மொட்டுகள் கருகின. என் கதை அவ்வளவுதான். ஆனால் அதன் பின் செய்த சோதனையை ஈரப்பதமானி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். சோடா மூடி ஒன்றில் கறியுப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்கு வரும்படி சில துளி நீர் விட்டு, அதனையும் கருவியையும் காற்றுப் புகாத ஒரு போத்தலில் ஒன்றாக மூடி, ஓர் இரவு முழுவதும் ஒரே வெப்பநிலையில் வையுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தில் நிற்கும். எனவே கருவியும் 75 காட்ட வேண்டும். என்னுடையது 88 காட்டியது. அப்படியானால் நான் 90 என்று நம்பியது ஏறத்தாழ 77 தான்; மொட்டுக்கோ 85க்கு மேல் வேண்டும். இன்னொன்றையும் சொல்கிறேன். எண்ணை உயர்த்துவதற்காகக் காளானின் மேலேயே நீர் தெளிக்காதீர்கள். குடையில் நீர் தேங்கி நின்றால் பற்றீரியா தொற்றி மஞ்சட் புள்ளிகள் விழுந்து வழுவழுக்கும். சுவரிலும் சல்லியிலும் மட்டுமே தெளியுங்கள்.

நிலாவெளி

பெட்டியை எங்கே வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இழுப்பு உள்ள அம்மா படுக்கும் அறையில்தான் நான் வைத்திருந்தேன். மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் போய், பறிக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் பிந்தி வந்தேன். பெட்டிக்குக் கீழே விரித்திருந்த கறுப்புத் துணி, மா சலித்தது போல வெளுத்திருந்தது. அவ்வளவும் காளானின் வித்திகள், அதாவது விதை போல அது உதிர்க்கும் நுண்தூள். அம்மா இரவு முழுவதும் இருமியதாகத் தங்கை சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அன்றே பெட்டியைப் பின்பக்கத்துக் கிடுகுக் கொட்டிலுக்கு மாற்றினேன். இப்போது குடையின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுகிறேன். பறிக்கும்போது முகக்கவசமும் அணிகிறேன்.

உப்புவெளி

தம்பலகாமம் தம்பி சொல்வது சரிதான்; நான் துளையிட்டது மழைக்காலத்தில். அதை எழுதாமல் விட்டது என் பிழை. இன்று காலை ஒரு பையின் வெட்டுவாயில் மொட்டுகள் தெரிகின்றன, வெளியே காற்றும் எழும்பிவிட்டது. மதியத்துக்குள் சாக்கை நனைத்துத் தொங்கவிடப் போகிறேன்.