வீடு மாறும்போது கண்ணாடிச் சாமான்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரிக்காரி

ஆடி முடிந்ததும் கோவைக்கு வீடு மாறுகிறோம். கட்டில், பீரோ பற்றிக் கவலை இல்லை. ஷோகேஸ் நிறைய இருக்கும் கண்ணாடியை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. மாமியார் சேர்த்து வைத்த ஐஸ்கிரீம் கிண்ணங்கள், ஜூஸ் டம்ளர்கள், தங்கக் கோடு போட்ட கப் அண்ட் சாசர், போதாக்குறைக்கு இரண்டு பெரிய ஊறுகாய் ஜாடி. பேக்கர்ஸ் ஆட்களைக் கேட்டால் "நாங்க பாத்துக்கிறோம் மேடம்" என்பதோடு சரி. யூடியூபில் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. கட்டி, ஏற்றி, இறக்கிப் பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முன்னாள் வால்பாறை

வங்கி வேலையில் வால்பாறையில் இருந்தபோது மாற்றல் வந்து பொள்ளாச்சிக்கு இறங்கினோம். அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி கொண்டுவந்த டிரைவர் அண்ணன் எஸ்டேட் வீடுகளைக் காலி செய்து செய்தே பழகியவர். அட்டைப்பெட்டியை ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தூக்கி, காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார். உள்ளே ‘கிளிங்’ என்று சின்னதாகச் சத்தம் வந்தாலும் போதும், பெட்டி திரும்ப எங்கள் வாசலுக்கே வந்துவிடும். "குழியில விழுந்தா ஒரு குதிதான் சார். வளைவுன்னா பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாஞ்சுக்கிட்டே வரும். டம்ளரும் டம்ளரும் முட்டிக்கிட்டே கீழ வரைக்கும் இறங்கும்" என்றார்.

நாமெல்லாம் பெட்டி கீழே விழுவதை நினைத்துத்தான் பயப்படுகிறோம். அவர் பயந்தது பெட்டிக்குள் இருக்கும் காலி இடத்துக்கு. அப்புறம் என்ன, வீட்டில் இருந்த பழைய பனியன், கிழிந்த லுங்கி, தலையணை உறை எல்லாம் மூலை மூலையாகப் போனது. அடியில் நாலு விரல் கனத்துக்கு மெத்தை, மேலே மூடுவதற்கு முன் அதே அளவு.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துக் கட்டியிருந்தோம். அத்தனையையும் பிரித்து, அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் நிறுத்தி வைக்கச் சொன்னார். படுக்க வைத்தால் மேலே உள்ள தட்டுகளின் கனம் முழுக்க அடித்தட்டின் தலையில் இறங்கும். நிற்கிற தட்டு தன் கனத்தை மட்டும் தாங்கினால் போதும். மைக்ரோவேவுக்குள் சுழலுமே, அந்தக் கண்ணாடித் தட்டு, பிரிட்ஜுக்குள் இருக்கும் கண்ணாடித் தட்டுகள், இவற்றையும் கழற்றித் தனியாகச் சுற்றச் சொன்னது அவர்தான். பொள்ளாச்சியில் பிரித்தபோது ஒரு கிண்ணத்தில்கூடக் கீறல் இல்லை. பேக்கர்ஸ் கம்பெனிக்குக் கொடுத்திருந்தால் இந்த அளவு பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

நங்கநல்லூர் மாடிவீடு

சிரிக்காமல் படியுங்கள். டம்ளர் வைக்க டாஸ்மாக் பெட்டியை மிஞ்ச ஆள் கிடையாது. 750 மில்லி பாட்டில் 12 வருகிற பெட்டியில் பெரும்பாலும் உள்ளே அட்டைத் தடுப்பு இருக்கும். அறைக்கு ஒரு டம்ளர், ஒன்றோடு ஒன்று உரசவே வழியில்லை. பழைய பேப்பர் கடையில் கேட்கும்போது "தடுப்போட வேணும்" என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெறும் பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள். அடியில் நீளவாக்கில் ஒரு டேப், குறுக்கே இரண்டு டேப் ஒட்டாமல் எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பிரச்சினை அம்மா. பால் காய்ச்சுகிற அன்றைக்குப் புது வீட்டு வாசலில் பிராந்திப் பெட்டி அடுக்கியிருந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் பெட்டியை மடிப்போடு பிரித்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி ஒட்டிக் கொடுத்தேன். அம்மா அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டு, கீழே ‘கண்ணாடி’ என்று எழுதினார். இறக்க வந்த பையன் தூக்கிப் பார்த்துவிட்டு, "எம்.சி. பெட்டிதானே இது?" என்று சத்தமாகவே கேட்டான்.

வேளச்சேரிக்காரி

:) அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சரி, டம்ளரை நிமிர்த்தி வைப்பதா, கவிழ்த்து வைப்பதா?

அம்பத்தூர் தாத்தா

கவிழ்த்துத்தான். எத்தனையோ வீடு மாறியாயிற்று, ஒன்றும் ஆனதில்லை.

பான்க்வெட் பழனி

தாத்தா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஹோட்டலில் விருந்துக்குக் கண்ணாடி ஏற்றி இறக்குவதே என் பிழைப்பு. டம்ளரில் மெலிசான இடம் விளிம்பு, தடியான இடம் அடி. கனத்தை அடி தாங்கட்டும், நிமிர்த்தியே வையுங்கள். கவிழ்த்தும் உடையவில்லை என்றால் உங்கள் வீட்டில் அடிமெத்தை நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். படுக்க வைப்பது மட்டும் கூடவே கூடாது.

காம்பு வைத்த கிளாஸ் இருந்தால், முதலில் காம்பில் மட்டும் பேப்பரைச் சுற்றிக்கொண்டே போங்கள். மேலே கிண்ணம் எவ்வளவு அகலமோ அந்த அளவுக்குக் காம்பும் தடிக்க வேண்டும். அப்புறம் மொத்தமாகச் சுற்றுங்கள். ஐஸ்கிரீம் கிண்ணத்துக்கும் இதே வைத்தியம்.

மயிலை கொலு

வருடா வருடம் கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டிக்குள் வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தானாகவே வந்துவிடும். பாட்டி பொம்மையை எடுத்ததும் சுற்ற ஆரம்பிக்க மாட்டாள். மூக்கு எங்கே, விரல் எங்கே, புல்லாங்குழல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தடவிப் பார்த்து, முதலில் அந்த இடத்தில் சின்னத் துணி உருண்டை வைப்பாள். அதற்கப்புறம்தான் முழுத் துணி. கப்பின் கைப்பிடியும், கூஜாவின் மூக்கும் அதே கதைதான். முட்டிக்கொண்டு நிற்பதுதான் முதலில் போகும்.

துணி என்றால் தோய்த்துத் தோய்த்து மெலிந்த வேட்டிதான். ஜரிகைப் புடவை வேண்டாம், கீறும். உங்கள் தங்கக் கோடு கப்பில் நியூஸ்பேப்பர் நேராகப் படக் கூடாது, மை ஒட்டும். வெள்ளைத் தாளிலோ வேட்டித் துண்டிலோ சுற்றி, அதற்கு மேலே பேப்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரிக்கும்போது போவதுதான் எங்கள் வீட்டில் அதிகம். என் தம்பி புது வீட்டில் சாமான் பிரித்தபோது டீ செட்டின் சர்க்கரைக் கிண்ண மூடி கசங்கிய பேப்பரோடு பேப்பராகக் குப்பை வண்டியில் ஏறிவிட்டது. உடையாமல் ஊர் வந்து சேர்ந்த மூடி! அதனால் கிண்ணம் ஒன்று, மூடி ஒன்று என்று பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். எழுதியதும் கையில் இருப்பதும் ஒத்துப்போகிற வரை ஒரு காகிதமும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. டேப்பைக் கிழிக்கக் கத்தியை உள்ளே இறக்குகிற ஆளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

திருப்பூர் கண்ணாடிக்கடை

டைனிங் டேபிள் மேல் கண்ணாடி இருக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லையே. அது டஃபன்ட் என்றால் கொஞ்சம் கவனம். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சுட வைத்து, காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்துச் செய்வது அது. மேல்தோல் உள்நோக்கி அழுந்தி இருக்கும், நடுப்பகுதி இழுபட்டுக்கொண்டு இருக்கும். நடுவில் கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும். ஓரத்திலோ மூலையிலோ டைல்ஸ் தரை ‘டக்’ என்று பட்டு அந்த அழுத்தத் தோலைத் தாண்டிவிட்டால், முழுப் பலகையும் ஒரே நொடியில் பொடிப்பொடியாக உதிரும். ஒட்ட வைக்க ஒன்றும் மிஞ்சாது.

போன ஆவணியில் எங்கள் வாடிக்கையாளர் வீட்டில் இதுதான் நடந்தது. ஆறு பேர் உட்காரும் மேஜைக் கண்ணாடி, லிப்ட் வரை பத்திரமாக வந்தது. கை மாற்றுவதற்காகக் கிரானைட் படியில் மூலையை ஊன்றினார்கள். அவ்வளவுதான்.

நாலு மூலைக்கும் அட்டையை மடித்து வைத்து டேப் ஒட்டுங்கள். கம்பளி சுற்றுங்கள். வண்டியில் நிறுத்தியே வைத்து, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். எங்கே இறக்கி வைத்தாலும் கீழே முதலில் சாக்கோ அட்டையோ விரித்திருக்க வேண்டும்.

போரோசில் வகையறா பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்புச் சூட்டைத் தாங்குகிற கண்ணாடிதானே என்று அலட்சியமாகப் போடுகிறார்கள். போரோசிலிகேட் சூட்டில் அதிகம் விரியாது, அதனால் சூடு, குளிர் மாறினால் தாங்கும். இடித்தால் மற்றதைப் போலத்தான் உடையும்.

பபிள் பிரியன்

பபிள் ரேப்பை யாரும் மதிக்கவில்லையே! 1957-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் வால்பேப்பராக இதைச் செய்யப் போய், அது எடுபடாமல் கடைசியில் பேக்கிங்குக்கு வந்த சாமான். குமிழ் உள்பக்கம் பார்க்க, இரண்டு சுற்று. எல்லாவற்றுக்கும் இதையே வாங்கினால் கட்டுப்படியாகாது, பெரிய ஜாடிக்கும் விலை கூடின செட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டம்ளர்களுக்கு நடுவே முட்டைக் கடையில் கிடைக்கிற 30 முட்டை அட்டையைக் கிழித்துச் செருகினாலே போதும்.

கணக்குப்பிள்ளை

பேக்கர்ஸ் தருகிற பில்லை வாங்கினதும் படியுங்கள். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் வீட்டுக் கண்ணாடி பீரோ கதவு உடைந்து வந்தபோது அந்த இரண்டு வார்த்தையைத்தான் காட்டினார்கள். இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும், நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். அவர்கள் கட்டியதா, நாம் கட்டியதா என்று பெட்டிவாரியாகப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். சாமான்களை மூடுவதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். நாம் கட்டினால் பத்திரமாகப் போகும், அவர்கள் கட்டினால் நஷ்டஈடு கேட்கலாம், இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் பாடு. நான் கேட்டால் நாமே கட்டுவதுதான்.

வேளச்சேரிக்காரி

எல்லாருக்கும் நன்றி. சாயங்காலம் பேப்பர் கடைக்குப் போகிறேன், தடுப்போடு! ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே. ஒன்றில் ஆவக்காய் முக்கால்வாசி இருக்கிறது.

மயிலை கொலு

ஆவக்காயோடு அனுப்பினால் கோவை போய்ச் சேரும்போது மெத்தையெல்லாம் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும்தான். ஊறுகாயைத் திருகு மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றி, பாலிதீன் கவரில் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். ஜாடியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைத்து, உள்ளே துணியை நிறையத் திணியுங்கள். மூடியைத் தனியாகச் சுற்றி அதே பெட்டியில் பக்கத்தில் வையுங்கள், ஜாடி வாயில் வைத்து டேப் ஒட்ட வேண்டாம். உங்கள் காரில் இடம் இருந்தால் இரண்டு ஜாடியையும் லாரியில் ஏற்றவே ஏற்றாதீர்கள், பின் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொள்ளும்.