சரியாக எழுதிய விடைக்கும் கூகுள் படிவம் சுழியம் போடுகிறது: என்ன செய்வது?

கேள்வி (அறிவியல் ஆசிரியை, நடுநிலைப்பள்ளி)

வணக்கம். ஆறாம் வகுப்புக்கு வாரந்தோறும் கூகுள் படிவத்தில் குறுந்தேர்வு நடத்தி வருகிறேன். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் இதுவரை சிக்கல் எழுந்ததில்லை. இந்த வாரம்தான் முதன்முறையாக, விடையைத் தட்டச்சு செய்யும் ஒரு சொல் வினாக்களைச் சேர்த்தேன். முழு நிலவு நாளின் பெயரைக் கேட்டு, விடைக்குறிப்பில் ‘பௌர்ணமி’ என்று இட்டிருந்தேன். அதே சொல்லை எழுதிய ஏழு பிள்ளைகளுக்குப் படிவம் தவறு என்று போட்டுவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மதிப்பெண் உடனே வெளியாகும்படி அமைத்திருந்ததால், எனக்கு முன்பே பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஒரு சிறுமி பாடக் குறிப்பேட்டைத் திறந்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடி, “இதைத்தானே டீச்சர் எழுதினேன்?” என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

மறுமொழி 1

சொல்லின் இறுதியில் இடைவெளி விழுந்திருக்கலாம். விடைகளை விரிதாளுக்கு எடுத்து, ‘ட்ரிம்’ சார்பைப் போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

போட்டுப் பார்த்துவிட்டேன், ஐயா. மாற்றம் ஒன்றும் இல்லை.

மறுமொழி 2 (கணினிப் பயிற்றுநர்)

அம்மா, அதே விரிதாளில் ‘லென்’ சார்பைக் கொண்டு அச்சொல்லின் நீளத்தைப் பாருங்கள். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படும்; உங்கள் விடைக்குறிப்புக்கு 7 என்றும், அந்தப் பிள்ளைகளின் விடைக்கு 8 என்றும் வந்தால் காரணம் உறுதி. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையில் ‘ௌ’ என்பது தனியொரு குறி. அதன் வலப்பக்கப் பகுதி ளகரம் போலவே இருப்பதால், பலர் ‘ப’வுக்குப் பின் ஒற்றைக் கொம்பையும், அதன்பின் ‘ள’ என்ற முழு எழுத்தையும் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எழுத்தெண்களை ஒப்பிடும் படிவத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு ‘கொ’ எழுதினால், அதை ஒரே குறியால் எழுதியதற்கு நிகரானதாக யூனிகோடு விதியே ஏற்கிறது. ளகரத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

பதில்கள் பகுதியில் ‘கேள்வி’ என்ற பிரிவுக்குச் சென்றால், ஒரே மாதிரியான விடைகள் தொகுதிகளாக நிற்கும். அங்கே சரி என்று குறித்துச் சேமியுங்கள். அடுத்த தேர்வுக்கு, பிள்ளைகள் தட்டிய வடிவத்தை நகலெடுத்து விடைக்குறிப்பில் இரண்டாவது விடையாகச் சேர்த்துவிடலாம். விரிதாளில் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடங்களை ஒட்டுமொத்தமாக ‘ௌ’ என்று மாற்ற மட்டும் முயல வேண்டாம்; ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் சிதைந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டச்சு விடை கேட்கும் தேர்வில் மதிப்பெண்ணை உடனே வெளியிடாமல், ஆசிரியர் பார்த்த பிறகு வெளியிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாணவர்களின் மின்னஞ்சலைப் படிவம் திரட்ட வேண்டும். பெற்றோரின் முகவரியே போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. ஏழு பேருக்கும் 8 என்றே வருகிறது. ஆனால் தொகுதிகளைப் பார்த்தபோது, மேலும் மூவர் ‘பவுர்ணமி’ என்று எழுதியிருப்பது தெரிந்தது. இதை ஏற்கலாமா?

மறுமொழி 3 (தமிழாசிரியர்)

தாராளமாக ஏற்கலாம். ‘ஔவை’யை ‘அவ்வை’ என்று எழுதுவதை இலக்கணம் ‘போலி’ (எழுத்து மாறினாலும் பொருள் மாறாத வடிவம்) என ஒப்புக்கொள்கிறது. ‘பவுர்ணமி’யும் நாளிதழ்களில் நாள்தோறும் காணும் வடிவம்தான். நிலவைப் பற்றிய அறிவை அளக்கும் வினாவில் எழுத்து வடிவத்துக்காக மதிப்பெண்ணைக் குறைப்பது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. ‘முழுநிலவு நாள்’ என்று எவரேனும் எழுதியிருந்தால் அதையும் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்

இருவர் அப்படியே எழுதியிருந்தார்கள், ஐயா. பன்னிரண்டு பேருக்கும் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். நாளை முதல் பாடவேளையில், கொம்பையும் ளகரத்தையும் திரையில் தனித்தனியே தட்டிக் காட்டி, தவறு அவர்களுடையது அன்று என்று வகுப்பின் முன்னிலையிலேயே சொல்லப்போகிறேன்.