போர்ட்: துறையா, புழையா?

நண்பர்களே,
வலைப்பின்னல் மென்பொருள் ஒன்றின் தமிழாக்கக் கோப்பு வெள்ளிக்குள் போக வேண்டும். 'போர்ட்' 14 இடங்களில் வருகிறது: 9 இடங்களில் வலைத்தொடர்பு எந்தச் சேவைக்கு என்று காட்டும் 80, 443 போன்ற எண், 3 இடங்களில் யூஎஸ்பி செருகும் இடம், 2 இடங்களில் நிரலை வேறு இயங்குதளத்துக்கு மாற்றுவது. எல்லாவற்றுக்கும் 'துறை' போட்டிருக்கிறார்கள். "துறை 443 மூடப்பட்டது" என்றால் ஏதோ அலுவலகத்தைப் பூட்டியதுபோல் இருக்கிறது.

---

லத்தீனில் போர்ட்டா கதவு, போர்ட்டுஸ் துறைமுகம், போர்ட்டாரே சுமத்தல். கணினிக்கு வந்தது கதவு. நாம் பெயர்த்ததோ துறைமுகத்தை! 'புழை' என்போம். முல்லைப்பாட்டில் வேட்டுவர் அரணின் சிறுவாயிலுக்கு அதுதான் பெயர். (கப்பலின் இடப்பக்கமும் போர்ட்தான். முன்பு லார்போர்ட், ஸ்டார்போர்டோடு காதில் குழம்பியதால் 1844இல் பிரிட்டிஷ் கடற்படை மாற்றியது.)

---

> 'புழை' என்போம்

ஐயா, உதவிப் பக்கத்தில் இதை யார் தேடுவார்? பேசாமல் 'போர்ட்' என்றே விடலாம்.

---

விடலாம்தான். "மதர்போர்டின் போர்ட்" என்று எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தின் இருவேறு ஒலிகளுக்கும் நமக்கு வல்லின எழுத்து ஒன்றே என்பதால் பலகையும் வாயிலும் ஒன்றாகிவிடும்.

---

சொல் எதுவானாலும் முதலில் கோப்பைக் கவனியுங்கள். மென்பொருள் தமிழாக்கத்துக்கான கெட்டெக்ஸ்ட் முறையில் மூலச்சரம் (பெயர்க்க வேண்டிய ஆங்கிலத் தொடர்) ஒன்றானால் பெயர்ப்பும் ஒன்றுதான். மூன்று பொருளுக்கும் எந்தப் பொருள் என்று காட்டும் தனித்தனிச் சூழல்குறிப்பை நிரலாளர்தான் சேர்க்க வேண்டும். சேர்த்துக் கோப்பை இணைத்ததும் பழைய பெயர்ப்புகளில் 'ஃபஸ்ஸி' (ஐயத்துக்குரியது) என்ற குறி விழும். சரிபார்த்து நீக்காமல் தொகுத்தால் திரையில் ஆங்கிலமே வரும். எண் வந்து அமரும் மாறியோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். "துறை எண்: 443" போதும். அலுவலகக் குழப்பமும் தீரும். வன்பொருளுக்குச் 'செருகுவாய்', மாற்றி எழுதுவதற்கு, மொழிபெயர்ப்புபோல, 'தளப்பெயர்ப்பு'.

---

துறைக்கு என்ன குறை? கம்பர் கோதாவரியைக் கவிதையோடு ஒப்பிடுகையில் நீர்த்துறைக்கும் அகத்துறைக்கும் அந்த ஒரு சொல்லையே ஆண்டார். வலையில் தரவுப் பொட்டலம் வந்து இறங்கும் இடமும் துறைதானே?

---

சரி, துறை எண், செருகுவாய், தளப்பெயர்ப்பு என்றே ஏற்றுகிறேன். நால்வர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. சூழல்குறிப்பு கேட்டு நிரலாளருக்கு எழுதிவிட்டேன்.

---

அந்த ஒருவன் நான்தான். "திறந்த போர்ட்டுகள்" என்று ஒரு பட்டியல் வருமே, அதை எப்படி எழுதுவீர்கள்? 'திறந்த துறை எண்கள்' என்றா? எண்ணை எப்படித் திறப்பது? புழையைத் திறக்கலாம், அடைக்கலாம்.