வெயிற்பொலிவு: புவிநிலைத் துணைக்கோள்களுக்காக ஒரு சொல்

அன்புடையீர்,

பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைத் துணைக்கோளின் சூரியத் தகடுகளில் பட்டுத் திரும்பும் வெயிலால் அது சிறிது நேரம் பிரகாசமாகத் தெரியும் நிகழ்வுக்குச் 'சூரியச் சுடர்' என்ற பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. கொடைக்கானல்வாசியான எனக்கு அது இடறுகிறது. 1901 முதல் சூரியனை நோக்கிவரும் ஆய்வகம் உள்ள ஊரில் சூரியச் சுடர் என்றால், சூரியனிலேயே நிகழும் ஆற்றல் வெடிப்பைத்தான் யாரும் நினைப்பார்கள். துணைக்கோளோ தானாக எதையும் உமிழ்வதில்லை. மாலையில் எதிர்ச்சரிவிலுள்ள தகரக்கூரை பளபளப்பதைப் போல இரவல் ஒளியைத்தான் அது காட்டுகிறது.

அடுத்து வந்த 'பளிச்சீடு' நல்ல சொல்தான். ஆனால் அதை 'இரிடியம்' என்ற தொலைபேசிச் சேவையின் பழைய துணைக்கோள்களுக்கு ஒதுக்கிவிடலாம். தாழ்வான பாதையில் விரைந்த அவை சில நொடிகளே கண்ணைப் பறித்தன. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவற்றின் போக்கு வேறு. தொலைநோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாத புள்ளி, பூமியின் நிழலுக்குள் நுழைவதற்குச் சற்று முன்போ வெளிவந்த பின்போ, நிமிடக்கணக்கில் மெல்ல ஒளி கூடி, சில வேளை வெறுங்கண்ணுக்கே எட்டி, மீண்டும் மங்குகிறது. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்திப் படமெடுத்தால் விண்மீன்கள் கோடுகளாக இழுபட, இது மட்டும் புள்ளியாகவே பதியும்.

இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சொல்ல என் பரிந்துரை 'வெயிற்பொலிவு'. பொலிவு கூடியது, பொலிவு குன்றியது என்று எழுதுவது நமக்குப் பழக்கமே என்பதால் நோக்கல் குறிப்புகளில் இச்சொல் தடையின்றிப் புழங்கும். ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை 'வெயில்' சொல்லிவிடும். நள்ளிரவில் வெயிலா என்று சிலர் சிரிக்கக்கூடும். அந்த உயரத்தில், நிழலுக்கு வெளியே, உள்ளபடியே வெயில்தான் அடிக்கிறது.

இது நிகழும் பருவத்தைப் 'பொலிவுக் காலம்' எனலாம். அது இடத்துக்கு இடம் மாறும் என்பதை வரையறையிலேயே சேர்க்க வேண்டும். தகடுகள் வடக்கு தெற்கான அச்சில் சுழன்று சூரியனைப் பின்தொடர்வதால், சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சாய்ந்திருக்கும்போது, திரும்பும் ஒளி வடக்கே சாய்ந்து வருகிறது. 40 பாகை வட அட்சரேகையில் இருப்பவர்களுக்கு அந்தச் சாய்வு மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் இரண்டாம் வாரத்தையொட்டியும் பொருந்தும். கொடைக்கானல் அமைந்த பழனி மலை 10 பாகையை ஒட்டியே இருப்பதால், நமக்குச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வரும் சம இரவு நாளிலிருந்து மார்ச்சில் நான்கைந்து நாள் முன்னும் செப்டம்பரில் நான்கைந்து நாள் பின்னும் தள்ளினால் போதும்: மார்ச் நடுப்பகுதியும் செப்டம்பர் கடைசி வாரமும். செப்டம்பரை இங்கே மூடுபனி பெரும்பாலும் விழுங்கிவிடும். மார்ச்சில், நள்ளிரவை ஒட்டி, நமது தீர்க்கரேகைக்கு அருகில் நிற்கும் துணைக்கோள்களை உச்சியிலிருந்து ஏறத்தாழ 12 பாகை தெற்கே, சிம்மமும் கன்னியும் சந்திக்கும் பகுதியில் தேடலாம்.

'பொலிவு' அழகைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்ற மறுப்பு வரக்கூடும். முன்னொட்டாக 'வெயில்' இருக்கும்வரை அந்தக் குழப்பம் நேராது என்றே கருதுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் எழுதுமாறு வேண்டுகிறேன்.