பழைய ஸ்டம்ப்ஜம்பர் காம்ப், என்ன விலைக்குப் போகும்? சீட் போஸ்ட் வேற ஜாம் ஆகி நிக்குது

ஃப்ரீமான்ட்வாசி:
மக்களே வணக்கம், சைக்கிள் விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. பக்கத்து வீட்டு அமெரிக்க தாத்தா அரிசோனாவுக்கு வீடு மாத்திப் போறப்போ கராஜ்ல கிடந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் காம்ப் மவுண்டன் பைக்கை நீயே வச்சுக்கோன்னு குடுத்துட்டுப் போனார். எனக்கு சைஸ் பெருசு, கால் எட்டல, வீட்டம்மா வேற கராஜ்ல கார் எப்ப நிக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. மார்க்கெட்ப்ளேஸ்ல விலை போடாம சும்மா போட்டோ மட்டும் போட்டேன், உடனே ஒருத்தர் 150 டாலர் கேஷ், இன்னைக்கு சாயங்காலமே வந்து எடுத்துக்கறேன்னு மெசேஜ். அந்த அவசரத்தைப் பாத்ததும்தான் எனக்கு டவுட்டு. ஈபேல தேடினா இதே பேர்ல 1,400, 1,800னு போட்டிருக்காங்க!! எது நிஜம்?
சிவப்பு ஸ்டீல் ஃப்ரேம், கியர் லீவர் ஹேண்டில் பார் மேல கட்டைவிரலால தள்ற மாதிரி, பின்னாடி 6 கியர், முன்னாடி இருக்க பல்சக்கரம் வட்டமா இல்லாம கோணலா இருக்கு (தேஞ்சு போச்சா?), பின் பிரேக் சீட்டுக்குக் கீழ இல்லாம பெடல் கிட்ட அடியில ஒளிஞ்சிருக்கு. சீட்டைத் தாங்கற குழாய் (சீட் போஸ்ட்) ஜாம், சீட் ஏத்தவும் முடியல இறக்கவும் முடியல.

செயின்ல_எண்ணெய்:
தல முதல்ல அந்த 150க்கு ஓகே சொல்லிடாதீங்க. 1,800ம் மறந்துடுங்க. ஈபேல கேக்கற விலையைப் பாக்கவே கூடாது, ஃபில்டர்ல "வித்தது" மட்டும்னு டிக் பண்ணிப் பாருங்க, பாதி லிஸ்டிங் காணாமப் போயிடும்.

பழையஇரும்பு:
பல்சக்கரம் தேயல ப்ரோ, அது பயோபேஸ், சைக்கிள் பாகம் செய்யற ஷிமானோ கம்பெனி 80கள்ல வேணும்னே அப்படித்தான் பண்ணினாங்க. பின் பிரேக் யு-பிரேக், அதுவும் அந்தக் காலத்து ஃபேஷன், சேறு எல்லாம் போய் அங்கதான் அடையும், சில வருஷத்துல மவுண்டன் பைக்ல கிட்டத்தட்ட எல்லா கம்பெனியும் விட்டுட்டாங்க. பிரேக் கட்டை தேய தேய மேல ஏறி டயர் பக்கச்சுவரை அறுக்கும், வாங்க வர்றவன் விஷயம் தெரிஞ்சவனா இருந்தா அங்கதான் முதல்ல குனிஞ்சு பாப்பான்.

வருஷத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். பின் டிரெய்லரோட (செயினைத் தள்ளி கியர் மாத்தற பாகம்) உள்பக்கம், பெடல் கிராங்க் கையோட பின்பக்கம், ஷிமானோ ரெண்டு எழுத்து குத்தியிருப்பான். முதல் எழுத்து வருஷம், ஏ-ன்னா 1976, பி-ன்னா 77, அப்படியே எண்ணிக்கிட்டு வாங்க. ரெண்டாவது எழுத்து மாசம், ஏ ஜனவரி, எல் டிசம்பர். மண்ணெண்ணெய்ல துணி நனைச்சுத் துடைச்சுட்டுப் பாருங்க, அழுக்குக்கு அடியில இருக்கும். மூணு நாலு பாகத்துல பாருங்க, ஒண்ணை மட்டும் பாத்தா யாராவது நடுவுல மாத்தியிருந்தா ஏமாந்துடுவீங்க.

ஃப்ரீமான்ட்வாசி:
துடைச்சுப் பாத்தேன், செம! டிரெய்லர்ல எல் ஜே, கிராங்க்ல எல் ஐ. டியோர் எக்ஸ்டின்னும் எழுதியிருக்கு. அப்போ 1987 அக்டோபர், செப்டம்பர்?

பழையஇரும்பு:
அதேதான். டியோர் எக்ஸ்டிங்கறது ஷிமானோவோட மேல் ரக மவுண்டன் பைக் பாகங்களோட பேரு. பாகம் 87 கடைசின்னா சைக்கிள் 88 மாடலா இருக்கணும். ரெண்டும் ஒட்டி வர்றதால ஒரிஜினல் செட்டுன்னு தைரியமா சொல்லலாம், இதுவே விலையைக் கொஞ்சம் தூக்கும்.

மரின்மலை:
பேரைப் பாத்து மயங்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். ஸ்டம்ப்ஜம்பர்ங்கற பேருக்கு இவ்வளவு மவுசு ஏன்னா 1981ல வந்த முதல் மாடல், கடையில போய் வாங்கற மாதிரி மொத்தமா தயாரிச்ச முதல் மவுண்டன் பைக், ஜப்பான்ல செஞ்சு 750 டாலருக்கு வித்தாங்க, வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி இங்க கலிஃபோர்னியா மரின் கவுண்டி பசங்க பழைய க்ரூஸர் சைக்கிளை வச்சுக்கிட்டு 1976லேர்ந்து ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் மலையில ரேஸ் விட்டுட்டு இருந்தாங்க, ஒரு இறக்கத்துல பின் ஹப் (சக்கரத்தோட நடு பாகம்) கிரீஸ் வெந்து புகையாப் போயி மறுபடி ரீபேக் பண்ணணும், அதாவது புது கிரீஸ் அடைக்கணும், அதனால அந்தப் பாதைக்கே ரீபேக்னு பேரு. பழைய சைக்கிள் சேகரிக்கற கலெக்டருங்க காசைக் கொட்டறது அந்த 81, 82, 83க்குத்தான். அதுல பல வண்டில ஹேண்டிலும் அதைத் தாங்கற ஸ்டெம்மும் ஒண்ணா முக்கோணமா வெல்டிங் பண்ணியிருக்கும், பாத்தாலே தெரியும். 88க்கு வர்றப்போ ஸ்டம்ப்ஜம்பர் எல்லாக் கடையிலயும் கிடைக்கற வண்டி. நல்ல வண்டி, ஆனா அரிய வண்டி இல்ல. உங்களுக்கு வரப்போறது கலெக்டர் இல்ல, ஆபீஸ் போக வர ஓட்டறவன், இல்லேன்னா கூடை மாட்டி கேம்ப்பிங் போறவன். அவனுக்கு ஓடுமா, எனக்கு சைஸ் சரியா, அவ்வளவுதான்.

அவன் பார்வையில சீட் போஸ்ட் ஜாம்னா வண்டி பாதி செத்த மாதிரி. சீட்டை ஏத்த முடியாத சைக்கிளை அதே உயரத்துக்காரன் மட்டும்தான் வாங்குவான்.

கோவை_டு_மில்பிடாஸ்:
+1. அந்த 150காரர் ஷிஃப்டருக்காக வந்திருப்பார்னு நினைக்கிறேன். எக்ஸ்டி தம்ப் ஷிஃப்டரைத் தேடி அலையற கூட்டம் ஒண்ணு இருக்கு, கிளிக் வேணாம்னா சும்மா இழுத்து மாத்தற மோடுலயும் ஓடும். ஷிஃப்டர், கிராங்க், டிரெய்லர் கழட்டித் தனித்தனியா வித்தா போட்ட காசு அதுலயே வந்துடும், ஃப்ரேம் அவருக்கு ஓசி.

ஃப்ரீமான்ட்வாசி:
அப்போ நானே கழட்டி வித்துடவா?

பழையஇரும்பு:
ஐயோ வேணாம். முழுசா இருக்க வண்டியை உடைச்சு விக்கறது எனக்குப் பிடிக்காது, அது என் சொந்தக் கருத்து, விடுங்க. கணக்கா பாத்தாலும் ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து பேக் பண்ணி ஷிப்பிங் போட்டு மாசக்கணக்கா இழுக்கும், கடைசில மொட்டை ஃப்ரேம் கராஜ்லயே நிக்கும், வீட்டம்மா திட்டு குறையாது.

சீட் போஸ்டுக்கு வருவோம். ஃப்ரேம் ஸ்டீல், போஸ்ட் அலுமினியம், வருஷக்கணக்கா கிரீஸ் இல்லாம ஈரம் இறங்கி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இறுகி ஒட்டிக்கிச்சு. சூடு பண்ணாதீங்க, அலுமினியம் ஸ்டீலை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். கிளாம்ப் போல்ட்டை முழுசா கழட்டிட்டு பெனட்ரேட்டிங் ஆயில் (இறுகினதை இளக்கற எண்ணெய்) மேல விடுங்க, அப்புறம் சைக்கிளைத் தலைகீழா கவுத்து சீட் ட்யூப்ல (போஸ்ட் இறங்கற ஃப்ரேம் குழாய்) இருக்க பாட்டில் ஸ்க்ரூ ஓட்டை வழியா உள்பக்கத்துலேர்ந்தும் விடுங்க. ராத்திரி பூரா விட்டு, மறுநாள் போஸ்ட்டை ஐஸ் வச்சுக் குளிர வச்சு, பழைய சீட் ஒண்ணை மாட்டித் திருப்புங்க, இழுக்க வேணாம், திருப்பணும். அசையலேன்னா போஸ்ட் தலையை பெஞ்ச் வைஸ்ல கவ்வக் குடுத்து ஃப்ரேமையே திருப்பணும், மெதுவா, பலத்தைக் காட்டினா ட்யூப் முறுக்கிக்கும். காஸ்டிக் சோடா ஊத்திக் கரைக்கச் சொல்லி யாராவது வருவாங்க, கரையும்தான், பெயிண்டும் சேர்ந்து போகும், ஹைட்ரஜன் வேற கிளம்பும், கராஜ்ல வேண்டவே வேண்டாம்.

செயின்ல_எண்ணெய்:
ஜாம் எடுக்கறதுக்கு முன்னாடி ஃப்ரேமைப் பாருங்க. கீழ்க்குழாய் ஹேண்டில் பக்கம் சேர்ற இடத்துக்கு அடியில விரலை வச்சுத் தடவுங்க. பெயிண்ட் சுருங்கின மாதிரி, லேசா மடிப்பு மாதிரி தட்டுச்சுன்னா எங்கயோ நேரா மோதின வண்டி, அதுக்கு மேல ஒண்ணும் செய்யாதீங்க, பார்ட்ஸுக்குக் குடுத்துடுங்க. அப்புறம் நூல் டெஸ்ட்: பின் சக்கரம் மாட்டற இடத்துலேர்ந்து நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுத்தி மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டி, சீட் ட்யூபுக்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்சு அளங்க. சமமா வரணும்.

அடியில இருக்க சீரியல் நம்பரை பைக் இண்டெக்ஸ்ல (திருட்டுப் போன சைக்கிளைத் தேடற வெப்சைட்) போட்டும் பாத்துடுங்க, தாத்தா நல்லவராவே இருக்கட்டும், அவருக்கு யார் வித்தாங்களோ.

ஃப்ரீமான்ட்வாசி:
அப்டேட். மடிப்பு எதுவும் இல்ல, நூல் ரெண்டு பக்கமும் சமம், சீரியல் க்ளீன். போஸ்ட்டு... ஃப்ரெண்டு வீட்டு வைஸ்ல மாட்டித் திருப்பினா கீச்னு ஒரு சத்தம், பூனைக்கு வால்ல மிதிச்ச மாதிரி, அப்படியே சுத்த ஆரம்பிச்சு வெளிய வந்துடுச்சு!! வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருக்கு. இப்ப சொல்லுங்க, என்ன விலை போடலாம்?

மரின்மலை:
சூப்பர். மாவை உரசி எடுத்துட்டு கிரீஸ் போட்டு உள்ள விடுங்க. பே ஏரியால, ஒரிஜினல் செட்டு, நேரான ஃப்ரேம், ஓட்டிப் பாக்கற நிலைமைல இருந்தா நான் 375னு போட்டு 300க்கு இறங்குவேன். டயர் வெடிச்சிருந்தா மாத்திடுங்க, புது டயரும் கேபிளும் போட்ட செலவு திரும்ப வந்துடும். முழு ஓவர்ஹால் கடையில குடுக்காதீங்க, அந்தப் பில்லு விலையைத் தாண்டிடும். பின் கியர் பல்லு மட்டும் தேஞ்சிருந்தா 50 குறைச்சுக்கோங்க, அது யூனிக்ளைட்ங்கற பழைய வகை, அதுக்கு அப்புறம் வந்த ஹைப்பர்க்ளைட் கேசட்டு (பின் பல்சக்கர செட்டு) அந்த ஹப்புல அப்படியே ஏறாது, வாங்கறவன் அலையணும்.

விளம்பரத்துல வருஷம், ஃப்ரேம் சைஸ், போஸ்ட் ஏறி இறங்குதுங்கறது, இந்த மூணையும் முதல் வரியிலயே போடுங்க.

கோவை_டு_மில்பிடாஸ்:
சைஸ் என்னன்னு யாருமே கேக்கலையே. பெடல் கிராங்க் சுத்தற அச்சோட நடுவுலேர்ந்து சீட் ட்யூப் மேல் விளிம்பு வரைக்கும் அளந்து சொல்லுங்க. 19 இன்ச் கிட்ட வந்தா விளம்பரம் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க ப்ரோ, சனிக்கிழமை வரேன், டயர் நானே மாத்திக்கறேன், 290.