தேயிலை மலையில் பறவை பார்ப்பது: எங்கே நிற்பது, எந்தப் பைனாகுலர், ஆறுமணிக் குருவி எங்கே?

டிக்கோயா_சாரல்:
ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். ஒரு மாதமாகத்தான் பறவை பார்க்கிறேன். கொண்டைக்குருவி, மைனா, காகம் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மரத்தில் சத்தம் மட்டும் கேட்கிறது. கையில் இருப்பது 10×25 பைனாகுலர். காலையில் இருட்டாகத் தெரிகிறது, ஆடவும் செய்கிறது. எத்தனை மணிக்குப் போகணும்? கண்ணாடியை மாத்தணுமா? ஆறுமணிக் குருவியை எங்கே பார்க்கலாம்?

கொட்டகலை_கொழுந்து:
தங்கச்சி, கண்ணாடி பிறகு. முதலில் நடப்பதை நிறுத்துங்க. நடக்கிற ஆளைக் கண்டால் குருவி அடங்கிவிடும். அசையாமல் நிற்கிற ஆளைப் பத்து நிமிடத்தில் கண்டுகொள்ளாது. தேயிலை முடிந்து காடோ ஓடையோ தொடங்குகிற ஓரம்தான் நல்ல இடம். வெயில் உங்க முதுகில் விழணும். எதிர்வெயிலில் எந்தப் பறவையும் கருப்பு நிழல்தான்.

காலை 6 மணியிலிருந்து 8.30 வரை. பனிமூட்டமென்றால் திரும்பிவிடாதீங்க. பனி கலைந்ததும் முதல் வெயில் விழும் மர உச்சியில் பூச்சி கிளம்பும். குருவிகளும் அங்கேதான் கூடும்.

மலைக்காட்டுச் சின்னக் குருவிகள் பல சாதி சேர்ந்து கூட்டமாகத்தான் இரை தேடும். அதனால் இருபது நிமிடம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று வெள்ளைக்கண்ணிகளின் (கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள சின்னக் குருவி) மெல்லிய கீச்சொலி வரும். பின்னாலேயே சாம்பல் சிட்டு, மஞ்சள்காதுச் சின்னான், கிளையில் தலைகீழாக இறங்கும் சிவந்த அலகு நீலக்குருவி எல்லாம் வரும். இரண்டு நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் தாண்டிப் போய்விடும். அந்த இரண்டு நிமிடத்துக்காக எத்தனை காலை வேண்டுமானாலும் நிற்கலாம்!

கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட மலையை விட்டுவிடாதீங்க. மறைப்பு இல்லாததால் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு மொட்டைக் கிளையில் உட்கார்ந்து, தரையில் பூச்சி பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பும். பழகுவதற்கு அதைவிட நல்ல பறவை இல்லை. மருந்து அடிக்கிற நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க. தோட்டத்தின் மற்ற டிவிஷனுக்கு (பிரிவுக்கு) போவதென்றால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்க.

பண்டாரவளை_டீச்சர்:
கண்ணாடி பற்றி. 10×25 என்பதில் முன் எண் எத்தனை மடங்கு பெருக்கம், பின் எண் முன்பக்க லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். பின் எண்ணை முன் எண்ணால் வகுத்துப் பாருங்க, மகள். 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவுதான். விடியல் மங்கலில் நம் கண்மணி அதைவிட இரண்டு மடங்காவது விரியும், அதனால்தான் இருட்டு. 8×42 என்றால் 5.25. கழுத்துக்குப் பாரமென்றால் 8×32 எடுங்க, 4 வரும். பத்து மடங்கு பெருக்கம் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும், எட்டு போதும்.

எந்தக் கண்ணாடியானாலும் முதலில் அதை உங்க கண்ணுக்குப் பொருத்தணும். வலது பக்கத்தைக் கையால் மறைத்து, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்க. பிறகு இடது பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்புங்க. மூக்குக்கண்ணாடி போடுகிறவர் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கி வைக்கணும், இல்லையென்றால் நடுவில் சின்ன வட்டம்தான் தெரியும்.

குருவியைக் கண்டதும் குனிந்து கண்ணாடியைத் தேடாதீங்க. பார்வையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கண்ணுக்குத் தூக்குங்க. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாதிப் பறவையைத் தவறவிடுவது இதில்தான்.

நம்ம ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த உறையில் வைக்காமல், இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்க.

ஹக்கல_நடை:
ஆறுமணிக் குருவிக்கு நுவரெலியா விக்டோரியா பூங்கா. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. திறந்ததும் போங்க, ஆள் கூடினால் புதருக்குள் ஒதுங்கிவிடும். பூவையோ புல்வெளியையோ பார்க்காமல் நேரே கால்வாய் ஓரத்து நிழலுக்குப் போங்க. அந்த அழுக்குத் தண்ணீர்க் கரையின் ஈரச் சருகில்தான் அது இரை கிளறும். சருகு புரள்கிற சத்தம் கேட்டால் நின்றுவிடுங்க. கட்டை வால், பச்சை முதுகு, கண் வழியே கருப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும்.

அதே கரையில் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வரும். இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம்ம மலைக்கு வருகிற பறவை. ஆணின் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், இரு ஓரத்திலும் கருப்புக் கோடு. பெண் மங்கல் பழுப்பு. வாலைத் தூக்கும்போது வால் அடியில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பாருங்க.

போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீங்க, தயவுசெய்து. எல்லைக்குள் போட்டியாள் வந்துவிட்டதென்று நினைத்து இரையை விட்டுவிட்டு அலையும்.

டிக்கோயா_சாரல்:
ரொம்ப நன்றி. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் இருக்கிற வெள்ளைக்கண்ணி மஞ்சளாக இருக்கிறது. அது வேறயா?

ஹக்கல_நடை:
இரண்டு சாதி உண்டு. இலங்கைக்கே உரியது கரும்பச்சை முதுகு. கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் தடிப்பாக, முன்பக்கம் உடைந்திருக்கும். உயர மலையில் அதுதான் அதிகம். முதுகு மஞ்சள் கலந்த பச்சையாக, வளையம் மெல்லியதாக இருந்தால் மற்றது. மஞ்சள் வெயிலில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், அதனால் நிழலில் இருக்கும்போது முதுகைப் பாருங்க.