புதுப்பிப்பு: முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழு யார்? விடை கிடைத்தது

கும்பகோணம் பக்கத்தில் என் பெரியம்மா தங்கியிருக்கும் லாப நோக்கற்ற முதியோர் இல்லத்தை உண்மையில் யார் நடத்துகிறார்கள், கணக்குக் கேட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கலெக்டர் மனு வரை போகவேண்டியிருக்கவில்லை. பலித்தது, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணை விதிகளுக்கும் (சங்கத்தின் உள் விதிகள்), குழு உறுப்பினர் மாற்றத்தைத் தெரிவிக்கக் கடைசியாகத் தாக்கலான படிவம் 7-க்கும் சான்றிட்ட நகல் கேட்கச் சொன்ன யோசனைதான். இல்லம், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கமாகப் பதிவானது. அதன்படி குழுவினரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, மறுபடி தேர்வாகலாம். நகலில் இருந்த குழுவின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. பட்டியலில் ஒருவர் காலமாகியும்விட்டார்!

எதிர்பாராத சிக்கல் வேறு. பதிவாளர் விசாரணையை அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவின்கீழ் சங்க உறுப்பினர்கள் கோரவேண்டுமானால், மூன்றில் ஒரு பங்கினராவது விண்ணப்பிக்க வேண்டும். மாதாமாதம் பணம் கட்டித் தங்கியிருப்பவர்கள் உறுப்பினர்களே அல்லர். நல்லவேளையாக, சந்தா செலுத்தி அவர்களும் சேரலாம் என்று துணை விதியிலேயே இருந்தது. பெரியம்மா உட்படப் பலர் சேர்ந்தார்கள்.

நகலைக் காட்டியதும் செயலாளர் சண்டைக்கு வரவில்லை. பொறுப்பை யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தார் போலும். குறுவை அறுவடை நேரம், பாதிப் பேர் வயலில். குறைவெண் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் பொதுக்குழு ஒருமுறை தள்ளிப்போனது. அடுத்த கூட்டத்தில் புதிய குழு தேர்வானது. தங்கியிருப்போரில் இருவருக்கு இடம். புதிய படிவம் 7 தாக்கலாகிவிட்டது. தணிக்கை அறிக்கை இன்னும் கைக்கு வரவில்லை.